திருப்தியடைந்தவர் மட்டும் போகலாம்

லிஃப்ட்காரர் அந்த செல்போன் கம்பெனியை விட்டு விலக முடிவெடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். திருப்திப்படுத்தாமல் யாரையும் வெளியே அனுப்புவதில்லை என்று கம்பெனி முடிவெடுத்தது அதற்குப் பல வருடங்களுக்கு முன்பே. இரண்டு முடிவுகளும் ஒரு மேசையின் எதிரெதிர் நாற்காலிகளில் உட்கார்ந்தபோதுதான் வம்பு தொடங்கியது.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு கணக்கு டீச்சர் ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவே லிஃப்டில் மாட்டிக்கொண்டார். லிஃப்டின் உள்சுவரில் ஓர் எஃகுத் தகடு உண்டு. ‘அவசரத்துக்கு அழைக்கவும்’ என்று பொறித்து, கீழே லிஃப்டுகளைப் பராமரிக்கிற லிஃப்ட்காரரின் நம்பர் இருக்கும். ஊரில் நூற்று நாற்பத்து மூன்று லிஃப்டுகளில் அதே தகடு, அதே நம்பர். இருபத்து நான்கு வருடங்களாக அந்த நம்பருக்கு யார் கூப்பிட்டாலும், சாப்பாட்டில் கை வைத்திருந்தாலும் கழுவிக்கொண்டு கிளம்பிவிடுவார் அவர். “உன் அப்பாவ நான் கல்யாணம் பண்ணல, அந்தத் தகட்டத்தான் பண்ணியிருக்கேன்” என்று அவர் மனைவி மகளிடம் சொல்வதுண்டு. சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமையும் இருக்கும்.

டீச்சர் பதினோரு தடவை அழைத்தார். பதினோரு தடவையும் தேன் தடவிய ஒரு பெண் குரல், வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகச் சொன்னது. அந்த நேரத்தில் லிஃப்ட்காரர் அடுத்த கட்டடத்தின் அடித்தளத்தில், இன்னொரு லிஃப்டின் குழிக்குள் நின்று எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். கூப்பிடு தூரம். போனில்லாமல் வெறும் வாயால் கூப்பிட்டிருந்தால்கூடக் காதில் விழுந்திருக்கும்.

ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்துக் காவலாளி ஓடிவந்து சொல்லி, அவர் போய்க் கதவைத் திறந்தபோது, டீச்சர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து விடைத்தாள்களை விசிறியாக்கி வீசிக்கொண்டிருந்தார். முகம் வெளிறிப் போயிருந்தது.

“பதினோரு தடவ போட்டேங்க” என்றார் டீச்சர். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் லிஃப்ட்காரருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். “உள்ள நம்பர் எழுதி வெச்சிருக்கீங்களே, அது எதுக்கு? மாட்டிக்கிட்டவங்க படிச்சிட்டு உக்காந்திருக்கவா?”

லிஃப்ட்காரர் தன் போனை எடுத்துப் பார்த்தார்; சிக்னல் இல்லை. ஆறு மாதத்துக்கு முன்னால் கம்பெனி அந்த வட்டாரத்தின் செல்போன் கோபுரங்களில் இரண்டைக் கழற்றி எடுத்துப் போயிருந்தது. அன்றைக்கு அவருக்கு வந்த குறுஞ்செய்தி: ‘மகிழ்ச்சியான செய்தி! உங்கள் பகுதியில் கோபுரங்களின் நெரிசல் குறைக்கப்பட்டது.’

அன்று மாலை வீட்டில் அவர் சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தார். மனைவி பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை பார்ப்பவர். வலியோடு வருகிற முகங்களைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்.

“எந்தப் பக்கம் வலிக்குது?” என்றார்.

அவர் சொன்னார். மனைவி கேட்டுவிட்டு, “கம்பெனிய மாத்துங்க. நம்பர் மட்டும் அப்படியே இருக்கட்டும். அதுக்குத்தான் இப்ப வசதி இருக்கே. ஒரு கோடு நம்பர் குடுப்பாங்க, அதக் கொண்டுபோய் புதுக் கம்பெனில குடுத்தா முடிஞ்சுது” என்றார்.

“அப்பா, அப்படியே போனையும் மாத்திடுங்க” என்று மகள் உள்ளே புகுந்தாள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. ஒரு மணி நேரத்தில் பெரிய தாள் ஒன்றில் கட்டம் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். மேலே எட்டு போன்களின் பெயர்கள், பக்கவாட்டில் கேமரா, திரை, நினைவகம், தடிமன். “இதப் பாருங்க, ஏழு மில்லிமீட்டர்தான்.”

“என் ஸ்பேனரே பத்து மில்லிமீட்டர்டி. இது பைக்குள்ள எங்க இருக்குன்னு நான் எப்படித் தேடறது?”

“தேட வேணாம்ப்பா, கூப்பிட்டா அதுவே பதில் சொல்லும்.”

“நான் கூப்பிட்டா அது பதில் சொல்றது இருக்கட்டும். ஜனங்க கூப்பிட்டா நான் பதில் சொல்லணும்.”

மறுநாள் அவர் தன் வழியில் ஒப்பிட்டார். மனைவியின் போன் ஒரு கம்பெனி, மகளின் போன் இன்னொரு கம்பெனி, எதிர்வீட்டு எலக்ட்ரீஷியனின் போன் மூன்றாவது கம்பெனி. மூன்றையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு லிஃப்ட் குழிகளுக்குள் இறங்கினார். லிஃப்டின் கூரைமேல் ஏறினார். கதவைச் சாத்திக்கொண்டு இருட்டில் நின்றார். மேலே மகள் தன் தோழியின் போனிலிருந்து ஒவ்வொன்றாக அழைத்தாள். போன் வாங்குகிற எல்லோரும் கண்ணாடிக் கடையின் வெளிச்சத்தில் பார்ப்பார்கள். இவர் கிணற்று இருட்டில் பார்த்தார். நாற்பது இடங்களில் சோதித்ததில், எலக்ட்ரீஷியனின் கீறல் விழுந்த போன் முப்பத்தொன்பது இடங்களில் அடித்தது. நாற்பதாவதிலும் அடித்திருக்கும், அதற்குள் சார்ஜ் போய்விட்டது.

“மூணாவது கம்பெனி” என்றார் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு. போனும் அப்படியே முடிவாயிற்று. மகளின் தாளில் கடைசிக் கட்டத்தில், எல்லாவற்றிலும் தோற்ற ஒரு தடித்த ரப்பர் உறை போன். சத்தம் மட்டும் தெரு முனைவரை கேட்டது.

விட்டு விலகத்தான் பாக்கி.

கம்பெனியின் அலுவலகம் பதினோரு மாடிக் கட்டடம். கீழ்த்தளத்தில் வாடிக்கையாளர் கூடம். வாசலிலேயே ஒரு இயந்திரம் சீட்டுக் கொடுத்தது. ‘புதிதாகச் சேர’ என்ற பொத்தான் சாப்பாட்டுத் தட்டு அகலம். ‘விலக’ என்ற பொத்தானைக் காணோம். லிஃப்ட்காரர் கூர்ந்து பார்த்துக் கண்டுபிடித்தார்: இயந்திரத்தின் பின்பக்கம், சுவரை ஒட்டி. மனித விரல் நுழையாத இடுக்கு. அவர் பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து அழுத்தினார். பழக்கமானவர்.

அவருக்கென்று ஓர் ‘உறவு அதிகாரி’ ஒதுக்கப்பட்டார். இருபத்தைந்து வயதுப் பெண். லிஃப்ட்காரரின் விவரத்தைத் திரையில் பார்த்ததும் கண் கலங்கியது. கலங்க வேண்டும் என்பது பயிற்சி.

“இருபத்து நாலு வருஷம் சார்! எங்கள விட்டுட்டுப் போறேன்னு எப்படி சார் மனசு வந்துது?”

“சிக்னல் வரலம்மா.”

“சரி சார், காரணத்த இதுல டிக் பண்ணிடுங்க.”

படிவத்தில் பதினான்கு காரணங்கள் அச்சிட்டிருந்தன. ‘நான் இறந்துவிட்டேன்.’ ‘நான் பேசுவதை நிறுத்திவிட்டேன்.’ ‘அளவுக்கு மீறிய சேவையால் கூச்சமாக இருக்கிறது.’ ‘என் மகிழ்ச்சியைப் பிறருக்கு விட்டுக்கொடுக்க விரும்புகிறேன்.’ இப்படியே போயிற்று. லிஃப்ட்காரர் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

“சிக்னல் இல்லைங்கறது இதுல இல்லையே.”

“அது காரணம் இல்ல சார். அது உங்க கருத்து.”

அவர் பேனாவை எடுத்துப் பதினைந்தாவதாக ‘சிக்னல் இல்லை’ என்று எழுதி, அதற்கு நேரே ஒரு டிக் போட்டார். அந்தப் பெண் படிவத்தை ஒரு கருவிக்குள் விட்டாள். கருவி அதை மூன்று முறை விழுங்கி மூன்று முறையும் துப்பியது.

“போன்ல கோளாறா இருக்கும் சார். விலகறதுக்கு முன்னாடி ஒப்பீட்டு அறைக்குப் போய்ட்டு வரணும். விதி.”

ஒப்பீட்டு அறையில் ஒரு விற்பனையாளர் மூன்று போன்களை வெல்வெட் துணிமேல் கிடத்தி வைத்திருந்தார். மோதிரம் காட்டுகிற பாவனை.

“இதுல நிலாவ ரொம்பக் கிட்டத்துல பாக்கலாம் சார்.”

“நான் நிலாவுக்கு லிஃப்ட் போடலீங்க.”

“இது உங்க தூக்கத்தக் கவனிச்சுக்கும். எத்தன தடவ புரண்டு படுக்கறீங்கன்னு கரெக்டா சொல்லிடும்.”

“அத என் வீட்டுக்காரம்மா சொல்லிடுவாங்க. இதுல கால் வருமா?”

விற்பனையாளர் மூன்று போன்களையும் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். “காலா? அது... வரும் சார். அத யாரும் கேக்கறதில்ல, அதான்.” நேர்மையான மனிதர்போல. குரலைத் தாழ்த்தி, “இந்த ரூம்ல சரியா கிடைக்காது. ஜன்னல் பக்கம் போனா சிக்னல் ஒரு கோடு வரும்” என்றார்.

மூன்று நாள், மூன்று அறை, ஏழு கையெழுத்துகள். கடைசியில் அவரை ‘வாடிக்கையாளர் மகிழ்ச்சித் துறை’யின் தலைமை அதிகாரி முன்னால் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். மகிழ்ச்சி அதிகாரி சிரித்தபடியே இருந்தார். மூச்சு விடும்போதும் உதடு கூடவில்லை.

“சார், மத்த கம்பெனிங்கள்ல வாடிக்கையாளர் கோபமா வெளிய போவாங்க. எங்க கம்பெனி சரித்திரத்துலயே ஒருத்தர்கூட அதிருப்தியோட வெளிய போனதில்ல. நூத்துக்கு நூறு. ஏன் தெரியுமா?”

“ஏன்?”

“அதிருப்தியா இருக்கறவங்கள நாங்க விடறதே இல்ல.”

அவர் ஒரு தாளை நகர்த்தினார். ‘இந்நிறுவனத்தின் சேவையில், குறிப்பாக இணைப்பின் தரத்தில், நான் முழுத் திருப்தி அடைந்துள்ளேன்.’ கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு.

“இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. அடுத்த நிமிஷம் கோடு நம்பர் உங்க கையில.”

“திருப்தியா இருந்தா நான் எதுக்குங்க போறேன்?”

“அதேதான் சார் நாங்களும் கேக்கறோம்!” மகிழ்ச்சி அதிகாரி இரு கைகளையும் விரித்தார். எதிராளி தானாகவே உண்மைக்கு வந்துசேர்ந்த பூரிப்பு.

லிஃப்ட்காரர் பேனாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டார். யோசித்துச் சொல்வதாகச் சொல்லி எழுந்தார். அதுவே தப்பாகப் போயிற்று. ‘யோசிக்கிறேன்’ என்று ஒருவர் சொன்னால் அவரைக் கம்பெனி ‘மறுபரிசீலனைக் கால’த்தில் வைத்துவிடும், அந்தக் காலத்தில் அவரை யார் அழைத்தாலும் மணியடிப்பதற்கு முன்னால் ஓர் அறிவிப்பு ஓடும். இது அவருக்குத் தெரியாது. மறுநாள் காலை அவர் மாமியார் கைப்பையோடு வாசலில் வந்து நின்றபோதுதான் தெரிந்தது.

“என்ன மாப்ள இது?” என்றார் மாமியார். “எம் பொண்ணு என்ன தப்புப் பண்ணா?”

“என்ன அத்தை? என்ன ஆச்சு?”

“உங்களுக்குப் போன் போட்டேன். ஒரு பொம்பள பேசறா. ‘நீங்கள் அழைத்தவர் இருபத்து நான்கு ஆண்டு கால உறவை முறித்துக்கொள்ள நினைக்கிறார். அவர் மனம் மாற நீங்களும் அறிவுரை கூறுங்கள்’னு. பின்னால அழற மாதிரி வயலின் வேற. யாரு அவ?”

உள்ளேயிருந்து வந்த மகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மனைவி மட்டும் விரல்விட்டு எண்ணினார். “நமக்குக் கல்யாணம் ஆகி இருபத்து மூணு வருஷம்தானே ஆகுது? அப்ப எனக்கு ஒரு வருஷம் முன்னாடியே வந்துட்டாளா இவ?”

சிரிப்பு ஓய்வதற்குள் லிஃப்ட்காரர் கேட்டார். “எவ்வளவு நேரம் ஓடுது அத்தை அது?”

“முக்கா நிமிஷம் இருக்கும். பாதியில நான் அழுதுட்டேன், சரியாத் தெரியல.”

முக்கால் நிமிடம். லிஃப்டுக்குள் மூச்சு முட்ட நிற்கிற ஒருவர், சிக்னல் கிடைத்த கொஞ்ச நேரத்தில், வயலினோடு முக்கால் நிமிடம் அறிவுரை கேட்க வேண்டும். அவர் செருப்பை மாட்டினார்.

“இருங்க, நானும் வரேன்” என்றார் மனைவி. “இருபத்து நாலு வருஷ உறவ நானும் ஒரு தடவ பாத்துடறேன்.”

மகிழ்ச்சி அதிகாரி மனைவியைப் பார்த்ததும் எழுந்து நின்று வரவேற்றார். தம்பதியாக வருகிறவர்களுக்குத் தனி அறை இருந்தது. அதில் மெத்தை நாற்காலிகளும் ஒரு காகிதக் கைக்குட்டைப் பெட்டியும். உறவு அதிகாரியும் குறிப்பேட்டோடு வந்து உட்கார்ந்தாள்.

“மேடம், நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க. சார் கடைசியா எங்ககூட எப்ப மனசு விட்டுப் பேசினார்?”

“அதத்தான் நானும் கேக்க வந்தேன். அவர் பேசறது யாருக்கும் கேக்க மாட்டேங்குதே.”

“மேடம், எல்லா உறவுலயும் சின்னச் சின்ன மௌனம் இருக்கும்.”

“ஒண்ணே முக்கா மணி நேர மௌனங்க. டீச்சர் உள்ள இருந்தாங்க.”

மகிழ்ச்சி அதிகாரியின் சிரிப்பு குறையவில்லை. “அந்த டீச்சர் எங்க வாடிக்கையாளரா?”

“ஆமா.”

“அப்ப அவங்களும் திருப்தியாத்தான் இருக்காங்க. எங்க கணக்குல எல்லாரும் திருப்தி. மேடம், நான் வெளிப்படையா சொல்றேன். எங்களுக்குக் கோபுரம் கட்டற துறைன்னு ஒண்ணு இருந்துது. அத மூடிட்டுத்தான் மகிழ்ச்சித் துறைய ஆரம்பிச்சோம். கோபுரம் கட்டினா அந்தத் தெருவுல இருக்கறவங்க மட்டும்தான் சந்தோஷப்படுவாங்க. கையெழுத்து வாங்கினா எல்லாரும் சந்தோஷப்பட்டதா ஆயிடுது. செலவும் குறைவு.”

உறவு அதிகாரி இதைக் குறிப்பேட்டில் எழுதவில்லை. பேனா பாதியில் நின்றது.

“ஒரு கையெழுத்துதானே சார்” என்றார் மகிழ்ச்சி அதிகாரி, தாளை மறுபடியும் நகர்த்தி. “உங்களுக்கு உங்க நம்பர் வேணும். நூத்து நாப்பத்து மூணு லிஃப்ட்ல இருக்கு அது. அத விட்டுட்டு எங்க போவீங்க? வெறும் சம்பிரதாயம். போட்டுட்டுப் போயிட்டே இருங்க.”

மனைவியும் மெதுவாக, “போட்டுத்தான் தொலைங்களேன். யார் பாக்கப் போறா?” என்றார்.

லிஃப்ட்காரர் தாளைக் கையில் எடுத்தார். அவசரப்படாமல் முழுவதையும் இன்னொரு முறை படித்தார்.

“சார், ஒவ்வொரு லிஃப்டுக்குள்ளயும் தகட்டுக்குப் பக்கத்துல ஒரு அட்ட மாட்டியிருக்கும். கதவு சரி, பிரேக் சரி, மணி சரி, அவசர எண் சரின்னு. மாசா மாசம் பாத்துட்டு நான் கையெழுத்துப் போடுவேன். பத்தாவது மாடில இருந்து கீழ வரவங்க அந்தக் கையெழுத்த நம்பித்தான் உள்ள கால வெக்கறாங்க. என் மூஞ்சியக்கூட அவங்க பாத்ததில்ல.” அவர் தாளை மேசைமேல் வைத்தார். “சரியில்லாத ஒண்ண சரின்னு இங்க ஒரு தடவ எழுதிட்டேன்னா, அங்க நூத்து நாப்பத்து மூணு இடத்துல இருக்கற கையெழுத்துக்கும் அதே மதிப்புதான். போட மாட்டேன்.”

“அப்ப நம்பர் கிடைக்காது சார்.”

“வெச்சுக்கோங்க.”

“என்னது?”

“நம்பர நீங்களே வெச்சுக்கோங்க. தகடு எங்கிட்ட இருக்கு. ஒரு தகட்டுக்கு நாலு திருகாணி. நான் மாத்திக்கறேன்.”

மகிழ்ச்சி அதிகாரியின் உதடுகள் அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒன்றோடொன்று சேர்ந்தன. இதற்குப் படிவம் இல்லை. யாராவது நம்பரை விட்டுவிட்டுப் போவார்கள் என்று அவர்கள் யோசித்தே பார்த்ததில்லை.

வெளியே வந்ததும் மனைவி, “யார் பாக்கப் போறான்னு சொன்னது என் தப்புதான்” என்றார். “எத்தன திருகாணி ஆகும்?”

“ஐநூத்து எழுபத்து ரெண்டு.”

“ஸ்க்ரூடிரைவர் இன்னொண்ணு இருக்கா?”

பதினெட்டு நாட்கள் ஆயின. புது நம்பர் பொறித்த தகடுகள் அட்டைப் பெட்டிகளில் வந்திறங்கின. மகள் நகர வரைபடத்தில் பாதை போட்டாள். மனைவி மருத்துவமனை முடிந்ததும் நேராக வந்து சேர்ந்துகொண்டார். பழைய தகட்டை லிஃப்ட்காரர் கழற்ற, புதியதை மனைவி பிடித்துக்கொள்ள, இருவரும் ஒரு சதுர மீட்டர் பெட்டிக்குள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு மாடி மாடியாகப் போய்வந்தார்கள். ஒருமுறை நாலாவது மாடியில் கதவு திறந்தபோது, வெளியே நின்ற வாலிபன் இருவரையும் பார்த்துவிட்டு, “பரவால்ல, நான் அடுத்ததுல வரேன்” என்று ஒதுங்கிக்கொண்டான். மனைவிக்கு முகம் சிவந்து போயிற்று. “இந்த வயசுல இந்த மானக்கேடு வேற” என்றார். நகர்ந்து நிற்கவில்லை.

கணக்கு டீச்சரின் லிஃப்டில் புதுத் தகடு மாட்டியபோது டீச்சரே வந்து கதவைச் சாத்தச் சொல்லி உள்ளேயிருந்து அழைத்துப் பார்த்தார். முதல் மணியிலேயே எடுத்தார் லிஃப்ட்காரர். “சரி” என்றார் டீச்சர். விடைத்தாளில் போடுகிற அதே தொனி.

பட்டியலில் கடைசியாக நின்றது அந்தக் கம்பெனியின் பதினோரு மாடிக் கட்டடம். கீழ்த்தளக் கூடத்துக்குப் பின்னால் ஊழியர்களுக்கான லிஃப்ட். அதுவும் அவர் பராமரிப்பில்தான் இருந்தது. மாதாந்திரச் சோதனைக்கும் நாளாகியிருந்தது. கதவு, பிரேக், மணி பார்த்தார். புதுத் தகட்டை மாட்டினார். அப்புறம்தான் லிஃப்டின் வாசலில் இருந்த அறிவிப்பைப் படித்தார்: ‘இக்கட்டடத்தில் பணிபுரிவோர் நம் நிறுவன இணைப்பை மட்டுமே வைத்திருக்க வேண்டும். மீறுவோர்மேல் நடவடிக்கை எடுக்கப்படும்.’

அந்த வழியாக வந்த உறவு அதிகாரியை நிறுத்தினார். “ஏம்மா, உள்ள போய் உங்க போன்ல இருந்து என் நம்பருக்கு ஒரு கால் போடறீங்களா?”

அவள் போனாள். கதவு மூடியது. கொஞ்ச நேரத்தில் திறந்தது.

“கிடைக்கல சார்.”

ஊழியர்கள் ஆறு பேரை ஒவ்வொருவராக அனுப்பினார். ஆறு பேருக்கும் கிடைக்கவில்லை. லிஃப்ட்காரர் பையிலிருந்து ‘பழுது’ என்ற பலகையை எடுத்துக் கதவில் மாட்டினார்.

“லிஃப்ட் நல்லாத்தானே ஓடுது?” என்று ஓடிவந்தார் மகிழ்ச்சி அதிகாரி. அவர் அறை எட்டாவது மாடியில்.

“ஓடுது. மாட்டிக்கிட்டா உள்ள இருந்து கூப்பிட முடியாது. அவசர எண் சரின்னு நான் எப்படி எழுதறது?”

“சார், ஒரு கையெழுத்துதானே...” என்று சொல்ல வந்தவர் பாதியில் வாயை மூடிக்கொண்டார்.

இரண்டு நாள் அந்தக் கம்பெனி படியேறியது. மகிழ்ச்சித் துறை மூச்சு வாங்கியது. ஒப்பீட்டு அறை விற்பனையாளர் ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவே படியில் உட்கார்ந்து, தன் தூக்கத்தைக் கவனிக்கிற போனில் தன் இதயத் துடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் காலை பதினோராவது மாடியிலிருந்து இயக்குநரே இறங்கி வந்தார். கூடவே மகிழ்ச்சி அதிகாரி, கையில் ஓர் உறை. கீழ்த்தளம் முழுக்க ஊழியர்கள் கூடிவிட்டார்கள்.

“உங்க பழைய நம்பருக்கான கோடு நம்பர் இதுல இருக்கு” என்றார் இயக்குநர். “எந்தப் படிவமும் வேணாம். நீங்க அட்டைல போடுங்க, நாங்க இதக் குடுக்கறோம்.”

லிஃப்ட்காரர் உறையைத் தொடவில்லை. “தகடெல்லாம் மாத்தியாச்சு சார். அது உங்ககிட்டயே இருக்கட்டும். உள்ள இருந்து யாராச்சும் எனக்கு ஒரு கால் போட்டுக் காட்டுங்க. உடனே போடறேன்.”

“இவ்வளவுதானே? எங்க இணைப்பப் பத்தி என்ன நெனச்சீங்க?” இயக்குநர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். ஊழியர்களைப் பார்த்துச் சிறிய உரையே ஆற்றினார். “நம்பிக்கைதான் நம்ம சொத்து. பொருள்மேல நமக்கே நம்பிக்கை இல்லேன்னா வாடிக்கையாளருக்கு எப்படி வரும்? பாருங்க, நானே போறேன்.”

உள்ளே போனார். கதவு மூடியது.

ஒரு நிமிடம். ஒன்றும் இல்லை. இரண்டு நிமிடம். யாரோ இருமினார்கள். மகிழ்ச்சி அதிகாரி சிரித்துக்கொண்டே வியர்த்தார். மூன்றாவது நிமிடத்தில் ரப்பர் உறை போன், கட்டடமே திரும்பிப் பார்க்கும்படி அலறியது. லிஃப்ட்காரர் எப்போதும்போல ஸ்பீக்கரில் போட்டார். எண்ணெய்க் கையோடு வேலை செய்கிறவர் போனைக் காதில் வைப்பதில்லை.

“ஹலோ, கேக்குதா?” இயக்குநரின் குரல் தெளிவாக வந்தது.

கூடம் கைதட்டியது. மகிழ்ச்சி அதிகாரி பெரிதாகத் தட்டினார்.

“நல்லாக் கேக்குது சார்” என்றார் லிஃப்ட்காரர். கழற்றி வைத்திருந்த அட்டையை எடுத்து, பேனாவைத் திறந்தார். “எந்த இணைப்புல சோதிச்சோம்னு அட்டைல எழுதணும் சார். உங்க கம்பெனி சிம்மா?”

கைதட்டல் ஒவ்வொன்றாக நின்றது.

“சார்?”

“அது...” குரல் ரகசியமாகத் தேய்ந்தது. “உள்பாக்கெட்ல இன்னொரு போன் வெச்சிருக்கேன். வீட்டுல கட்டாயப்படுத்தினாங்க, வேற வழியில்ல. நம்ம கம்பெனி சிம் இல்ல. பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?”

“எல்லாரும் இருக்காங்க சார். ஸ்பீக்கர்ல இருக்கீங்க.”

லிஃப்ட் கதவு திறக்கவில்லை. திறக்கிற பொத்தான் உள்ளேதான் இருந்தது.

கூடத்தில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. பிறகு உறவு அதிகாரி கைப்பைக்குள் கையை விட்டு, கைக்குட்டையில் சுற்றிய ஒரு போனை வெளியே எடுத்தாள். கைக்குட்டையைப் பிரித்தாள். ஒளிக்கவில்லை, அறிவிப்புப் பலகைக்கு நேர் முன்னால் நின்றே எடுத்தாள்.

“சார், உங்க புது நம்பர் சொல்லுங்க. பதிஞ்சு வெச்சுக்கறேன்.”

லிஃப்ட்காரர் சத்தமாக, ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். விற்பனையாளர் காலுறைக்குள்ளிருந்து ஒன்றை உருவினார். கணக்குப் பிரிவில் இருவர், காவலாளி ஒருவர், பின்வரிசையில் ஏழெட்டுப் பேர். எல்லோரும் குனிந்து பதிந்துகொண்டார்கள். மகிழ்ச்சி அதிகாரி கடைசியாக, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, “நடுவுல நாலா, ஏழா?” என்று கேட்டார்.

“ஏழு” என்றார் லிஃப்ட்காரர். அட்டையில் அவசர எண்ணுக்கு நேரே ‘சரி, வேறு இணைப்பில்’ என்று எழுதினார். தேதி போட்டார். கையெழுத்தை முழுசாக, தலைப்பெழுத்தோடு போட்டார். அப்புறம் லிஃப்ட் கதவைத் தட்டி, “சார், லிஃப்ட் நல்லா இருக்கு. வெளிய வரலாம்” என்றார்.